சாரி கார்டு இல்லாத வண்டி

ஜூன் 24, செவ்வாய்

கடைக்கு ஒரு குடும்பம் குளியலறை டைல்ஸ் பார்க்க வந்தது. மீன் படம் போட்டதுதான் வேண்டும் என்று மனைவி, வெள்ளையே போதும் என்று கணவன். ஒரு மணி நேரம் இழுத்தார்கள். மீன்தான் ஜெயித்தது. பில் போட்டுக் கொடுத்தேன்.

மதியச் சாப்பாட்டில் உப்பு இருந்ததா என்று தெரியவில்லை. சாயங்காலம் அம்மா கேட்டபோது "இருந்துச்சும்மா" என்றேன். போட மறந்துவிட்டாளாம். முறைத்தாள்.

வண்டியில் சத்தம் கூடிவிட்டது. துறைமங்கலம் திருப்பத்தில் கியர் மாற்றினால் கவருக்குள்ளே செயின் சளக் சளக் என்று அடிக்கிறது.

பிரவீணா போன் செய்தாள்.

"எப்ப வரீங்க?"

"செயின் போயிருச்சு. மாத்திட்டு வரேன்."

"சரி."

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் பஸ்ஸுக்கு என்ன பஞ்சம்? அங்கிருந்து கல்லங்குறிச்சிக்கு டவுன் பஸ் இருக்கிறது. அவளுக்குத் தெரியாதா. அவள் பிறந்த ஊர்.

ஜூன் 26, வியாழன்

இந்த டைரி டைல்ஸ் கம்பெனிக்காரன் புது வருஷத்துக்குக் கொடுத்தது. ஜனவரியில் சில பக்கம் எழுதியிருக்கிறேன். இன்று புரட்டினேன். "பிரவீணாவுக்கு அரைநெல்லிக்காய் வாங்க வேண்டும்." "மணிவேல் கடையில் சாரி கார்டு மாட்டியாச்சு." அதற்குப் பிறகு வெள்ளைத்தாள்.

பின் சக்கரத்தில் சேலை சிக்காமல் தடுக்கிற அந்தக் கம்பியைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே கழற்றிப் போட்டுவிட்டிருந்தேன், அது இருந்தால் வண்டி கிழவன் வண்டி மாதிரி தெரிகிறது என்று. பிரவீணா சேலை கட்டிக்கொண்டு ஒரு பக்கமாக உட்காருகிறவள். மூன்று வருஷமாக முந்தானையைச் சுருட்டி மடியில் அமுக்கிக்கொண்டேதான் வந்தாள். மாசமானதும் நான்தான் பயந்துபோய் மெக்கானிக் மணிவேலிடம் புதுசு மாட்டச் சொன்னேன். மாட்டிவிட்டுத் தட்டிக் காட்டினான். "இப்பத்தான்டா இது கல்யாணம் ஆன வண்டி."

பங்குனி கடைசியில் வளைகாப்பு முடிந்து அவளை அவள் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். மே மாதம் ஒரு காலையில் வயிற்றில் அசைவு இல்லை என்றாள். எட்டாம் மாதம். அரியலூரில் ஆஸ்பத்திரி. பெண் குழந்தை. மாமாவும் நானும் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போய்—

எழுதினால் ஏதாவது வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அன்றும் வரவில்லை. நான் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். பிரவீணா என் முகத்தையே பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒண்ணுமே இல்லல்ல?" என்றாள். அவள் என்னிடம் முழுதாகப் பேசிய கடைசி வாக்கியம் அதுதான். வராந்தாவில் அத்தை யாரிடமோ, "வண்டியிலயே வச்சி அலைக்கழிச்சா வயித்துப் புள்ள என்ன ஆவும்" என்று சொல்லிக்கொண்டிருந்ததும் காதில் விழுந்தது.

காரணம் சொல்ல முடியாது, சில சமயம் இப்படி ஆகிவிடும் என்றுதான் டாக்டரம்மா சொன்னார். காரணம் இல்லை என்று அவர் சொல்லவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

அம்மாவிடம் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். பிரவீணாவை எப்போது கூட்டி வருவது?

"கொழந்தையோட வர்றதுன்னா மூணாம் மாசமோ அஞ்சாம் மாசமோ அவங்க சீரோட கொண்டாந்து விடுவாங்க. இதுக்கு என்ன மொறன்னு எனக்குத் தெரியலய்யா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவங்க வூட்டுலேருந்து ஒரு வார்த்த வரட்டும். நாமளா போயி நின்னா நல்லாருக்காது" என்றாள்.

அத்தை என்ன சொல்லிக்கொண்டிருப்பாள் என்பதும் எனக்குத் தெரியும். அவங்க வந்து அழைக்கட்டும் என்பாள்.

பிரவீணா என்ன நினைக்கிறாள் என்பதுதான் தெரியவில்லை. அங்கேயே இருந்துவிடலாம் என்று நினைக்கிறாளோ? ஒண்ணுமே இல்லாத ஆளோடு வந்து என்ன செய்ய.

ஜூலை 2, புதன்

"செயின் போட்டாச்சா?"

"இன்னும் இல்ல."

இன்றைய பேச்சு இவ்வளவுதான்.

ஜூலை 6, ஞாயிறு

வண்டியை எடுத்துக்கொண்டு மணிவேல் கடைத் தெரு வரைக்கும் போனேன். அவன் ஏதோ ஒரு வண்டிக்கு அடியில் குனிந்திருந்தான். என்னைப் பார்க்கவில்லை. அப்படியே திருப்பிவிட்டேன்.

பார்த்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்பான். "என்னடா, என்ன கொழந்த? ஸ்வீட்டக் காணோம்?" அவன் மேல் தப்பில்லை. அவனுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு தோளைத் தட்டுகிறார்கள். தெரியாதவர்கள் சிரித்துக்கொண்டு கேட்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் பதில் சொல்லும்போது வாயை எப்படி வைத்துக்கொள்வது என்றுதான் தெரிவதில்லை.

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் செயின் பிராக்கெட் செட் ஒன்று வாங்கினேன். ஒரு செயின், முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் பெரிய பல்சக்கரம். "மெக்கானிக் யாரு?" என்று கடைக்காரர் கேட்டார். "நான்தான்" என்றேன். மேலும் கீழும் பார்த்தார்.

ஜூலை 13, ஞாயிறு

முழு நாளும் வண்டியோடு போயிற்று. ஒரு விதத்தில் நல்லது.

போனைச் செங்கல்லில் சாய்த்து வைத்து, ஒருவர் வீடியோவில் செய்வதைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். அவர் ஒரு தட்டில் கழற்றுவது எனக்கு அரைமணி நேரம் ஆகிறது. செயின் கவரைக் கழற்ற இடைஞ்சலாக இருந்ததால் முதலில் சாரி கார்டை எடுத்தேன். பக்கத்தில் இருந்த அவள் கால் வைக்கும் கம்பியையும் சேர்த்துத்தான். இரண்டையும் குளியலறைச் சுவரில் சாய்த்து வைத்தேன். போல்ட்டுகள் எங்கேயோ உருண்டன.

கவரைத் திறந்தால் உள்ளே கருப்புக் களி. அரியலூர் சாலையில் சிமெண்ட் லாரிகள் கிளப்பும் தூசி எண்ணெயோடு சேர்ந்து அப்பியிருந்தது. மாசி பங்குனியில் எத்தனை தடவை அந்தச் சாலையில் போயிருப்போம். செக்கப், ஸ்கேன், அவள் அம்மாவைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று ஒரு தடவை. பழைய பல்சக்கரத்தின் பற்கள் எல்லாம் தேய்ந்து ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. களியை வழித்தெடுத்தேன். நகக்கண்ணில் ஏறியது இன்னும் போகவில்லை.

பின் சக்கரம் வெளியே வந்துவிட்டது. முன் பல்சக்கரத்து போல்ட் மட்டும் அசையவே மாட்டேன் என்றது. ஸ்பேனர் நழுவி விரல் முட்டி கிழிந்தது. ரத்தம் வந்ததைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வலிக்கிறதா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். அம்மாதான் ஓடிவந்து மஞ்சள் வைத்தாள்.

"மணிவேலுகிட்ட விட்டா ஒரு மணி நேரத்துல குடுத்துருவான். ஒனக்கு எதுக்குய்யா இந்த வேல?"

ஸ்பேனரை மறுபடி கையில் எடுத்தேன்.

ஜூலை 14, திங்கள்

கடைக்கு நடந்தே போனேன். வாசலில் சக்கரம் இல்லாத வண்டி.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. காலையில் வாசல் தெளிக்கும்போதே அம்மா சொல்லிவிட்டாள், "இனிமே ஆவணிதான்." என் நெஞ்சுக்குள் என்ன ஆயிற்று என்று கவனித்தேன். நிம்மதியாகத்தான் இருந்தது. அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அதுதான் உண்மை.

ஜூலை 20, ஞாயிறு

மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்ததில் போல்ட் இளகிவிட்டது. புதுப் பல்சக்கரம் இரண்டையும் பூட்டினேன். செயினைச் சுற்றி வந்து இணைக்கும் இடத்தில் ஒரு சின்ன லாக் இருக்கிறது, நகம் அளவுதான். அதன் மூடிய பக்கம் வண்டி போகும் திசையைப் பார்க்க வேண்டுமாம். மாற்றிப் போட்டால் ஓடும்போதே கழன்றுவிடும். மூன்று தடவை சரிபார்த்தேன்.

பிறகு இறுக்கம். ஒரு விரல் மேலும் கீழும் ஆட்டுகிற அளவு தளர்வு விடுங்கள் என்றார் வீடியோக்காரர். விட்டேன். சக்கரத்தைச் சுற்றினால் செயின் லேசாகக் கவரில் தட்டியது. அந்தச் சளக் சத்தம் எனக்கு ஆகவே ஆகாது. அதைக் கேட்டாலே பின்னால் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும், பள்ளத்துக்குப் பள்ளம் "மெதுவாங்க, மெதுவாங்க" என்பதும் ஞாபகம் வருகிறது. இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். சத்தம் நின்றது.

தெருவில் ஒரு சுற்று ஓட்டினேன். வெண்ணெய் மாதிரி போகிறது. நானே போட்டேன் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லவில்லை.

ஜூலை 24, வியாழன்

"செயின் போட்டாச்சா?"

"போட்டாச்சு."

அந்தப் பக்கம் ஆடு கத்துவது கேட்டது.

"யாரு போட்டா?"

"நான்தான். வீட்டுலயே, போன ஞாயித்துக்கெழம."

"நீங்களா?" குரலில் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. "அப்ப வரீங்களா?"

"ஞாயித்துக்கெழம வரேன்."

இனி சாக்கு இல்லை.

ஜூலை 27, ஞாயிறு

போனேன். வந்தேன். தனியாக.

அம்மாவிடம் கடை வேலை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கல்லங்குறிச்சி வரைக்கும் வண்டியில் ஒரு சத்தம் இல்லை. வாசலில் நிறுத்தியதும் அத்தை, "வாங்க மாப்ள" என்றாள். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியை நகர்த்திப் போட்டார். காப்பி வந்தது.

பிரவீணா உள்ளேயிருந்து வந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்ப்பதற்கு முன்னால் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் உள்ளே போய்விட்டாள்.

"தலவலிங்கிறா" என்றாள் அத்தை.

மாமாவும் நானும் டிவி பார்த்தோம். என்ன ஓடியது என்று தெரியாது. கூட்டிப்போக வந்திருக்கிறேன் என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே? சொல்லவில்லை. இவர்களே கேட்கட்டும் என்று இருந்தேனா? அம்மா பேச்சு எனக்குள்ளேயும் உட்கார்ந்திருக்கிறது போல.

கிளம்பும்போது அவள் வாசற்படிக்கு வந்தாள்.

"கூட்டிட்டுப் போக வரலன்னா போன்லயே சொல்லியிருக்கலாம்ல."

எனக்கு விளங்கவில்லை. முழித்தேன்.

"கம்பி எங்க?" என்றாள்.

"எந்தக் கம்பி?"

அவள் வண்டியின் இடது பக்கத்தைக் கண்ணால் காட்டினாள். சாரி கார்டு இல்லை. கால் வைக்கும் கம்பியும் இல்லை. சக்கரம் மொட்டையாகத் தெரிந்தது.

"செயின் மாத்துறப்ப கழட்டினேன். அது…"

"செயின் போட்டாச்சுன்னீங்க. ஒரு வாரமா ஓட்டுறீங்க. அது இல்லாதது ஒங்களுக்குத் தெரியவே இல்லல்ல."

திட்டியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னாள். கதவுக்குப் பின்னால் அவளுடைய நீலப் பை இருந்தது. ஜிப் வரைக்கும் அடைத்து, மேலே குடையைக் கட்டி வைத்திருந்தாள்.

அதைப் பார்த்துவிட்டும் வண்டியை ஸ்டார்ட் செய்தேன். என்ன மனுசன் நான்.

ஜூலை 28, திங்கள்

மறந்துதான்டி போனேன். சத்தியமா மறந்துதான் போனேன். வேணும்னு கழட்டல. ஆனா ஒரு வாரம் மறந்தா அது என்ன மறதி? நீ ஒக்காருற எடத்த மறக்குறது என்ன மறதி? இத அங்கயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான. வாய் எங்க போச்சு.

ஜூலை 30, புதன்

கம்பி குளியலறைச் சுவரோரம் ஈரத்தில் நின்று லேசாகத் துரு பிடித்திருந்தது. துடைத்தேன். போல்ட்டுகளைத் தேடினேன், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கடை முடிந்து மணிவேலிடம் போனேன்.

அவன் எதிர்பார்த்தபடியே கேட்டான். சிரித்துக்கொண்டேதான். "எங்கடா ஆளயே காணோம்? பொண்ணா பையனா?"

"பொண்ணு. எறந்துதான்டா பொறந்துச்சு."

சொல்லிவிட்டேன். என் வாயால் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எல்லாருக்கும் வேறு யாரோதான் சொன்னார்கள். அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்தேன்.

மணிவேல் கையைத் துணியில் துடைத்தான், மறுபடியும் துடைத்தான். "தங்கச்சி?" என்றான்.

"கல்லங்குறிச்சியிலதான் இருக்கு. கூப்பிடப் போறேன். அந்தக் கம்பிக்கு போல்ட் இல்ல."

டப்பாவைக் கொட்டித் தேடி எடுத்துக் கொடுத்தான். மாட்டித் தரவா என்று கேட்டான். வேண்டாம், நானே மாட்டுகிறேன் என்றேன். தலையாட்டினான். போல்ட்டுக்குக் காசு கொடுத்ததற்கு மட்டும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். அது கேட்க நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 2, சனி

சாரி கார்டு மாட்டியாச்சு. கால் கம்பியும் மாட்டியாச்சு. ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை.

அம்மா சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க போறதுக்கு?"

"நாளைக்கு பிரவீணாவக் கூட்டிட்டு வரப் போறேன்."

"ஆடி மாசம்யா. அவங்களும் ஒரு வார்த்த சொல்லல."

"எனக்கு மொறையும் தெரியல, மாசமும் தெரியல. போறேம்மா."

சத்தமாகப் பேசிவிட்டேன் போல. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவளே, "நாளைக்கு ஆடிப் பதினெட்டு. நல்ல நாளுதான். போயிட்டு வா" என்றாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

நானே போட்ட செயின் ஆயிற்றே, ஸ்பேனர்களைப் பையில் போட்டுக்கொண்டேதான் போனேன். கல்லங்குறிச்சியில் வண்டியை நிறுத்தும்போது இடது பக்கம் வீட்டைப் பார்த்து இருக்கிற மாதிரி நிறுத்தினேன். அத்தை வாசலுக்கு வருவதற்குள், "பிரவீணாவக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன் அத்த" என்றேன். நாற்காலியில்கூட உட்காரவில்லை.

அத்தை மாமாவைப் பார்த்தாள். "ஒரு காரு வச்சாவது…" என்று இழுத்தாள். வண்டி மேல் அவளுக்கு இன்னும் கோபம்.

பிரவீணா வந்து நின்றாள். கழுத்தில் புது மஞ்சள் கயிறு, காலையில்தான் மாற்றியிருப்பாள். கம்பியைப் பார்த்தாள். கிட்டே போய்க் காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள்.

"வண்டியிலயே போறேம்மா" என்றாள்.

நீலப் பை பிரிக்கப்படாமலே இருந்திருக்கிறது. டேங்க் மேல் வைத்துக்கொண்டோம்.

அரியலூர் தாண்டியதும் சத்தம் ஆரம்பித்தது. சளக் இல்லை, இது வேறு. கொய்ங் என்று இழுத்துக்கொண்டே வந்தது. வேகம் கூட்டினால் சத்தமும் கூடியது. எனக்கு வியர்த்துவிட்டது. பேரளிக்கு முன்னால் ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தினேன்.

அவள் இறங்கியதும் குனிந்து செயினைத் தொட்டேன். விரலுக்குக் கொஞ்சம் ஆடியது. நன்றாகத்தானே இருக்கிறது?

"நீ ஏறி உக்காரு" என்றேன்.

"நான் எதுக்கு?"

"உக்காரேன்."

டீக்கடைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். சீட்டை நான் கையால் அழுத்தியபடி மறுபடி தொட்டேன். செயின் கம்பி மாதிரி விறைத்து நின்றது. ஆள் ஏற ஏற வண்டி பின்னால் அமுங்குகிறது, செயினை இழுக்கிறது. அதற்கு இடம் விட வேண்டும். ஒரு ஆள் போகிறதற்கு மட்டும் கணக்குப் பண்ணி இறுக்கி வைத்திருக்கிறேன். அப்படித்தான் பூட்டினேன், எனக்குத் தெரியாமலே.

அவளிடம் சொன்னேன். மறைக்கத் தோன்றவில்லை.

"ஒரு ஆளுக்குத்தான் வச்சிருந்தீங்களா?"

"ஆமா."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "சரி, தளத்துங்க. நான் உக்காந்திருக்கேன்" என்றாள்.

சாலையோரத்தில் முட்டி போட்டுப் பின் நட்டை இளக்கினேன். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. என் தலைக்கு மேலே அவள் பேசினாள்.

"அம்மா ஆஸ்பத்திரியில சொன்னது ஒங்க காதுல வுழுந்துச்சா?"

"ம்."

"டாக்டரம்மாகிட்ட நான் தனியா போயிக் கேட்டேங்க. வண்டியால இல்ல. நல்லா வெளங்குற மாதிரி சொன்னாங்க. வண்டியாலயும் இல்ல, ஒங்களாலயும் இல்ல, என்னாலயும் இல்ல."

ஸ்பேனரைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். நட்டு எப்போதோ இளகிவிட்டிருந்தது.

"எனக்கு அழுக வரல பிரவீ. அன்னிக்கும் வரல. இப்பவும் வர மாட்டேங்குது. இல்லன்னு நெனச்சிக்காத."

"எனக்கும் இப்பல்லாம் வர்றதில்ல" என்றாள். "ஆடு கத்துனாகூட எதுக்குக் கத்துதுன்னு இருக்கு."

தளர்த்தி, ஒரு விரல் ஆடுகிறதா என்று பார்த்து, அவள் உட்கார்ந்திருக்கும்போதே பூட்டினேன். பிறகு டீ குடித்தோம். சர்க்கரை அள்ளிப் போட்டிருந்தான், வாயில் வைக்க முடியவில்லை. அதைச் சொன்னேன். "எனக்குச் சரியாத்தான் இருக்கு" என்றாள்.

வீடு வரைக்கும் சத்தம் இல்லை. அம்மா ஆரத்தி எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். கடைசியில் ஒரு சொம்புத் தண்ணீர்தான் கொடுத்தாள். பிரவீணா முழுதும் குடித்தாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

கடைக்குத் தனியாகப் போனேன். பின்னால் ஆள் இல்லாததால் துறைமங்கலம் திருப்பத்தில் செயின் தொளதொள என்று லேசாகக் கவரில் தட்டியது. இறுக்கவில்லை. அப்படியே இருக்கட்டும்.